பூஜ்யத்தில் யாரும் உட்காரக் கூடாது

2009ஆம் வருடம் ஆடி கடைசி வெள்ளியன்று பாண்டிச்செல்விக்கு ஏழு தடவை போன் போட்டேன். ஆறு தடவை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழாவது தடவை எடுத்தவள் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கொட்டுச் சத்தம், மைக்கில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்கள், தீச்சட்டிக்கு வழி விடச் சொல்லும் அதட்டல். நான் டப்ளினில் அலுவலக மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

சர்வரை நிறுத்து என்றேன். யாரையாவது விட்டு இப்போதே நிறுத்தச் சொல் என்றேன்.

"இன்னிக்கு முப்பத்தெட்டு ஆர்டர் பிலிமுக்குப் போகுதுண்ணே" என்றாள். "என்ன, மெஷின் தீப்பிடிச்சிருச்சா?"

தீப்பிடிக்கவில்லை. தீப்பிடித்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பேன். இதை எந்த மொழியில் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

பாண்டிச்செல்விக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். விருதுநகரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு, சிவகாசியில் என் தாய்மாமா காதர் பாட்சாவின் காலண்டர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தாள். ஆறு வருடத்தில் அங்கே இருந்த ஒரே சர்வருக்கு அவள்தான் பொறுப்பு என்றாகிவிட்டது. யாரும் அவளை நியமிக்கவில்லை. அது நின்றுபோகும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அங்கே அடிப்பது தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். ஒரு தாளில் திதி, நட்சத்திரம், ராகுகாலம், பிறைத் தேதி, மாதா கோயில் திருநாள் எல்லாம் பொடி எழுத்தில் அதனதன் கட்டத்தில் உட்கார வேண்டும். இதைச் செய்துகொடுக்க ஒரு புரோகிராம் இருந்தது. 1994இல் பெத்தணன் என்பவர் எழுதியது. அவர் இறந்து பல வருடமாகிறது. அதை எப்படி எழுதினார் என்பதும் அவரோடு போய்விட்டது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துச் சரக்கு. ஆனால் அதில் கோத்தால் எழுத்து அச்சு வார்த்தது போல நிற்கும். அது ஓட, கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு சின்னச் சாவிக்கட்டையைச் செருக வேண்டும். உலகத்தில் அந்தக் கட்டை ஒன்றுதான் இருந்தது.

2008 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது நான் லினக்ஸ் சர்வர் ஒன்றை அமைத்து, பெத்தணன் புரோகிராமை அதற்குள் ஓட வைத்தேன். ஒரு கட்டையை வைத்துக்கொண்டு பதினான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம் என்றானது. வெளியூர் ஏஜெண்டுகள் இணையம் வழியாக நுழைந்து ப்ரூப் பார்க்கலாம். மாமா எனக்கு ஒரு சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தார். நான் விமானம் ஏறிவிட்டேன்.

அந்தச் சர்வரை அமைக்கும்போது ஓர் எண்ணைப் பார்த்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு; பூஜ்யத்தில் தொடங்கும். கெர்னல் என்பது எல்லா அதிகாரமும் உள்ள மையப் பகுதி. எழுதியவர்களின் பிழையால் சில நேரம் அது எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் பூஜ்யத்தில் போய் நிற்கும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் தடுக்கி விழுந்து, அந்த ஒரு வேலையை விட்டுவிடும். அங்கே யாரோ ஒரு சாதாரண ஆள் தன் சரக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தால், கெர்னல் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு தன் முழு அதிகாரத்தோடு ஓட்டிக் கொடுத்துவிடும். அந்த ஆள் அந்த நொடியிலிருந்து மெஷினுக்கு முதலாளி.

இது நடக்காமலிருக்க, பூஜ்யத்திலிருந்து எத்தனை இடத்தை யாருக்கும் தராமல் காலியாக விட வேண்டும் என்று ஓர் எண் போட்டுவைக்கலாம். அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் போட்டால் போதும். நான் நிறுவிய பதிப்பில் தானாக வந்திருந்த எண் பூஜ்யம். காலியிடமே வேண்டாம் என்று அர்த்தம். அப்படி வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. டாஸ் காலத்து நிரல்களுக்குப் பூஜ்யத்திலேயே குடியிருந்து பழக்கம். அங்கே இடம் தராவிட்டால் அவை திறக்காது. பழையது ஓடட்டும் என்று விட்டிருந்தார்கள். நான் எண்ணை மாற்றிப் பார்த்தேன். பெத்தணன் புரோகிராம் திறக்கவில்லை. அந்த நான்கு நிமிடமும் மாமா என் முதுகுக்குப் பின்னால் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யத்தைத் திரும்பப் போட்டேன்.

2009 ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, கெர்னலில் எட்டு வருடமாக இருந்த ஒரு பிழை வெளியே வந்தது. வழி தவறிப் பூஜ்யத்துக்குப் போகிற அதே வகைப் பிழை. அதைப் பயன்படுத்தும் நிரலையும் யாரோ எழுதி இணையத்தில் போட்டுவிட்டார்கள். மெஷினில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட அதை ஓட்டிவிடலாம். புதுக் கெர்னல் போட்டால் பிழை தீரும். ஆனால் அச்சுக்குப் பிலிம் எடுக்கும் மெஷினோடு வந்த இணைப்பு நிரல் பழைய கெர்னலில் மட்டுமே ஓடும். அதைக் கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை.

இதையெல்லாம் அந்தக் கொட்டுச் சத்தத்துக்குள் நான் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக உளறினேன். அவள் இரண்டு தடவை "என்னது" என்றாள். பிறகு கூட்டத்தை விட்டு எங்கோ ஒதுங்கினாள் போல, சத்தம் குறைந்தது.

"காலியா விட வேண்டிய எடத்துல வேலை நடக்குதுங்கிறீகளா?" என்று கேட்டாள். "மரத்தடியில ஆள் உக்காத்தி வச்ச மாதிரி?"

ஆமாம் என்றேன். போன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அப்பாவைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, சாத்தூர் போய் சிவகாசி பஸ் பிடித்திருந்தாள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மரத்தடி என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தார் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வோர் அறைக்கும் நடுவே இத்தனை தூரம் வெறும் தரையாக விட வேண்டும் என்று சட்டம். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கவும் கூடாது. சீசன் வந்தால் ஆர்டர் குவியும், அறை போதாது. அந்த வெறும் தரையில் நிற்கிற வேம்பின் நிழலில் பத்துப் பெண்களை உட்கார்த்தி வேலை வாங்குவார்கள்.

பாண்டிச்செல்விக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அவள் அம்மா சோலையம்மாள் அப்படி ஒரு மரத்தடியில் திரி செருகிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பலகை உண்டு. உள்ளே போகிறவர்கள் தங்கள் பித்தளை டோக்கனை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மரத்தடிக்காரர்களுக்கு டோக்கன் கிடையாது, அவர்கள் கணக்கில் வராத ஆட்கள். ஓர் அறை வெடித்தது. போர்மேன் பலகையைப் பார்த்து ஆட்களை எண்ணினார். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆள் சேதமில்லை என்றார். பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கிலிமுத்து லோடு இறக்கிவிட்டு வந்து, என் பெண்டாட்டி எங்கே என்று கேட்ட பிறகுதான் மரத்தடிக்குப் போனார்கள்.

இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், வேறு எதற்கோ நடுவில், அச்சகத்தில் டீ குடித்துக்கொண்டே.

சனிக்கிழமை அவளே போன் செய்தாள். முதல் வேலையாக இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டாளாம். நல்லது என்றேன். மெஷினில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது என்று கேட்டேன்.

"அறுபத்தோரு பேரு."

வேலை பார்ப்பது பதினான்கு பேர். மீதி யார் என்றேன். வேலையை விட்டுப் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், பழைய ஏஜெண்டுகள், ஒரு சீசனுக்கு மட்டும் வந்தவர்கள்; பல வருடத்துப் பழைய ஆள் பட்டியலையும் அவள் புது மெஷினில் ஏற்றியிருந்தாள். போகிறபோது ஏன் பெயரை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"பேரை அடிச்சா ஆளு இல்லைன்னு ஆயிருமேண்ணே" என்றாள். "எனக்குக் கை வரல."

நான் படித்த பாடங்களில் இந்தப் பிழைக்குப் பெயர் இல்லை. யாரையும் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது என்று ஒருத்தி அறுபத்தோரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவை எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் அவள் திரும்ப அழைத்தாள். செல்லச்சாமியின் பெயரில் சித்திரையிலிருந்து தினமும் மதியம் ஒன்றே காலிலிருந்து இரண்டு மணிவரை யாரோ நுழைந்திருக்கிறார்கள். செல்லச்சாமி முந்தின வருடம் வேலையை விட்டு, இரண்டு தெரு தள்ளி இன்னொரு அச்சகத்துக்குப் போனவன். அவள் நேராக அவனுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். அவன் மறைக்கவில்லை.

"கோவிச்சுக்கிறாதீக செல்விக்கா. சாப்பாட்டு நேரத்துல முக்கா மணி நேரந்தான். இங்கன உள்ள புரோகிராமுல நட்சத்திரம் போட்டா எழுத்து பூராம் அச்சாணி போன வண்டி மாதிரி ஒரு பக்கமாச் சாயுது. நம்ம பெத்தணன் இல்லாம எனக்கு ஓட மாட்டேங்கு."

அடுத்த கம்பெனி காலண்டரை எங்கள் மெஷினிலேயே கோத்துக்கொண்டிருந்தான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். அவன் முதலாளியின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் படிக்கிறான். போன வாரம் வந்தவன், எப்படிடா செய்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

வரும் வருடத்துக்கான முந்நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களின் தாள்கள் முழுவதும் அந்த மெஷினில் இருந்தன. எடுத்துக்கொண்டு போனாலும் போகலாம். ஒரே ஓர் அமாவாசையை ஒரு நாள் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாலும் போகலாம். அது லட்சம் வீட்டுச் சுவரில் நகர்ந்துவிடும். ஒவ்வொரு தாளையும் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுப்பவள் பாண்டிச்செல்வி. அவள் பார்த்த பிறகு மாறியதை யார் கண்டுபிடிப்பது?

திங்கட்கிழமை மாமாவிடம் போனாள். அவர் பேச்சை அவர் வாயாலும் கேட்டேன், அவள் வாயாலும் கேட்டேன். இரண்டும் பெரிதாக மாறவில்லை. செல்லச்சாமி விஷயம் கேட்டுக் கொதித்தார். பெயரை அடி, கேபிளைச் செருகாதே, இத்தோடு விஷயம் முடிந்தது என்றார். அவள் முடியவில்லை என்றாள். உள்ளே பதினான்கு பேர் இருக்கிறார்கள், பென் டிரைவில் பாட்டோடு எதையெல்லாமோ ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், பூஜ்யத்தில் இடம் திறந்தே இருக்கிறது என்றாள். அதை மூடினால் என்னவாகும் என்று கேட்டார். பெத்தணன் புரோகிராம் திறக்காது என்றாள்.

"இந்தா பாரு பாண்டிச்செல்வி. சரக்கு டிசம்பர்ல போயிரணும். ஜனவரி ஒண்ணு தாண்டுன காலண்டர் காலண்டரா? சீசன்ல போயி மெஷினை நிப்பாட்டுறேங்கிற. நம்ம ஆளுகளையே சந்தேகப்படுறியா நீ?"

"ஆளைச் சந்தேகப்படல முதலாளி. எடத்தைக் காலியா வைக்கணும்ங்கேன்."

அவர் செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர், திருப்பூர் என்று ஆர்டர் எடுக்கக் கிளம்பிப் போய்விட்டார். போகும்போது, எதையும் தொடக் கூடாது, தொட்டால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். சங்கிலிமுத்துவுக்கு அப்போதே முதுகு விட்டுப்போயிருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையால்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் பின்வாங்கியது நான். செவ்வாய்க்கிழமை மதியம், வேண்டாம் செல்வி, விட்டுவிடு என்றேன். கேபிள் பிடுங்கியாயிற்று, பெயர்களை அடித்துவிட்டால் ஆபத்து முக்கால்வாசி போய்விடும். நாலு மாதம் ஓடட்டும், சீசன் முடிந்ததும் நானே லீவு போட்டு வருகிறேன் என்றேன். நான் சொன்னதில் தவறில்லை. என் தொழிலில் தினமும் இப்படித்தான் தள்ளிப்போடுகிறோம்.

"சீசன் முடியட்டும்னுதானண்ணே மரத்தடியிலயும் சொன்னாக" என்றாள்.



அன்று பிற்பகலே பெயர்களை எடுக்கத் தொடங்கினாள். ஒரே கட்டளையில் அரை நிமிடத்தில் முடிகிற வேலை. அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. நாற்பத்தேழு பேருக்கும் போன் போட்டு, நல்லா இருக்கீகளா என்று கேட்டு, குரலைக் கேட்ட பிறகே பெயரை எடுத்தாள். கோவில்பட்டிக்குக் கட்டிக்கொண்டு போன சுப்புத்தாய், "ஏ செல்வி, எம்பேரு இன்னுமா அங்க கெடக்கு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றிருக்கிறாள். அவளிடம் கால் மணி நேரம் பேசிப் புரியவைத்தாள். மூன்று பேர் நம்பர் மாறியிருந்தது. அந்த மூன்று வீட்டுக்கும் பஸ் பிடித்துப் போனாள். நான் டப்ளினில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மின்னஞ்சலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அரை நிமிட வேலை, அரை நிமிட வேலை என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியாகச் செல்லச்சாமிக்குப் போட்டாள். அவன், எடுத்துருங்கக்கா என்றான். ஆனால் இனி நட்சத்திரத்துக்கு நான் என்ன செய்வேன் என்றும் கேட்டான்.

வியாழக்கிழமை மாலை டீ நேரத்துக்குச் சற்று முன்பு எண்ணை மாற்றினாள். அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. பதினான்கு திரையிலும் பெத்தணன் நின்றுபோனார். பிலிம் பக்கமிருந்து யாரோ, ஏக்கா கரண்டு போயிருச்சா என்று கேட்டார்களாம்.

அடுத்து அவள் செய்தது எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று. தாள் கட்டுகள் அடுக்கியிருந்த பின்கட்டு அறையைக் காலி செய்யச் சொன்னாள். ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து அங்கே வைத்தாள். அதில் லினக்ஸ் கிடையாது, வெறும் டாஸ். எந்தக் கம்பியும் அதற்குப் போகவில்லை, கரண்டு ஒயரைத் தவிர. சாவிக்கட்டையைச் சர்வரிலிருந்து உருவிக்கொண்டு போய் அதில் செருகினாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையை மற்ற அறைகளை விட்டு எப்படித் தள்ளி வைப்பார்களோ அப்படி. அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காரலாம். முடித்த பக்கங்களை பிளாப்பியில் எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு நடந்து வர வேண்டும். ஒரு பிளாப்பி வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த ஆள் போகலாம்.

பதினான்கு பேர் ஒரே நேரத்தில் செய்த வேலையை ஒருவர் மாற்றி ஒருவர் செய்தார்கள். மூன்று ஷிப்ட் போட்டாள். மாடத்தி என்ற ஆபரேட்டர், "ரேஷன் கடையிலகூட ரெண்டு தராசு இருக்கும்" என்று வரிசையில் நின்றபடியே சொன்னாள். பாண்டிச்செல்வி தானும் வரிசையில்தான் நின்றாள்.

மாமா திரும்பி வந்தபோது நோன்பு தொடங்கியிருந்தது. பிற்பகல் வேளை, நாக்கு வறண்டிருந்த நேரம். முன்கட்டில் திரைகள் சும்மா கிடப்பதையும் பின்கட்டு வாசலில் ஆட்கள் நிற்பதையும் பார்த்தார். நோன்பில் சத்தம் போடக் கூடாது என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெல்லத்தான் கேட்டார், யாரைக் கேட்டுச் செய்தாய் என்று. யாரையும் கேட்கவில்லை என்றாள். திரும்பப் பூஜ்யத்தைப் போடு என்றார்.

போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆர்டர் எழுதும் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் மூடி கழற்றி வைத்தாள்.

"பூஜ்யம் போடச் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுங்க முதலாளி. போட்டுர்றேன்."

பட்டாசுக் கம்பெனியில் மரத்தடியில் உட்காரச் சொல்லி யாரும் எந்தக் காலத்திலும் எழுதிக் கொடுத்ததில்லை. எல்லாம் வாய்ச்சொல்தான், பிறகு விசாரணைக்கு வருகிறவர்களிடம் காட்ட ஒரு துண்டுத் தாளும் இருக்காது. சங்கிலிமுத்து அதைத் தேடி நான்கு வருடம் அலைந்தவர். மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் பேனாவை எடுத்தார் என்று மாடத்தி சொன்னாள். எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, நீ சொல்றபடி இப்படியே ஓட்டுறோம்னு வையி" என்றார். "ஒருத்தனும் வரல. ஒண்ணும் நடக்கல. அப்ப நீ மூடுனதுனால நடக்கலையா, இல்ல எப்படியும் நடந்திருக்காதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது முதலாளி."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது."

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். எழுதவில்லை. போடு என்று இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. அவளைப் போகச் சொல்லவும் இல்லை. பெருநாள்வரை அவளோடு பேசவே இல்லை. எனக்குப் போன் செய்து, உன்னிடம் ஒரு மெஷின் போட்டுத் தரச் சொன்னேனா, என் ஆள் புத்தியைக் கெடுத்து வைக்கச் சொன்னேனா என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பூஜ்யத்தைப் போட்டதற்கா, அதைப் பற்றி வாயைத் திறந்ததற்கா?

அந்தச் சீசன் எப்படிப் போனது என்று எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்குள் முடிய வேண்டிய கோப்பு வேலை கார்த்திகையில் முடிந்தது. பைண்டிங் மார்கழிக்குத் தள்ளிப்போனது. சில வாடிக்கையாளர்கள் செல்லச்சாமி இருக்கிற அச்சகத்துக்கே போனார்கள்; அங்கே நட்சத்திரம் சாய்ந்துதான் அச்சானது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெங்களூர்ப் பையன் என்ன செய்ய நினைத்தான், ஏதாவது செய்ய நினைத்தானா, எங்களுக்குத் தெரியாது. கேபிளைப் பிடுங்கிய பிறகு கதவைத் தட்டினாலும் பதிவில் வராது. எங்கள் தாள்களில் ஓர் அமாவாசைகூட நகரவில்லை. அவள் ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனவள் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து மூன்றாம் தடவை பார்த்ததும் உண்டு.

காரியாபட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணாச்சியின் எண்ணூறு காலண்டர்தான் கடைசி லோடு. ஜனவரி ஒன்பதாம் தேதி போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி போனில் மாமாவிடம், செத்த தேதியோடு என் வாடிக்கையாளருக்கு எப்படிக் கொடுப்பேன், ஆள் அனுப்பிக் கிழித்துக் கொடு என்று சத்தம் போட்டார். மாமா யாரையும் அனுப்பச் சொல்லவில்லை. பாண்டிச்செல்வி ஞாயிற்றுக்கிழமை காலை தானே பஸ் ஏறிப் போனாள்.

கடையின் பின்பக்கம், அண்டாக்களுக்கு நடுவே சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு காலண்டரிலும் ஒன்பது தாள். மொத்தமாகப் பிடித்து இழுத்தால் பத்தாம் தேதியும் சேர்ந்து வந்துவிடும் என்று ஒவ்வொன்றாகக் கிழித்தாள். மதியத்துக்குள் பெருவிரல் தோல் உரிந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கோபம் ஆறியிருந்தது. அவள் கிழிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"வருசா வருசம் கார்த்திகையிலயே கொண்டாந்து போட்டுருவீகளே. இந்தத் தடவை உங்க கம்பெனியில என்னம்மா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.